கதிரை ஆண்டியப்பன் கொடுத்த விளம்பரம்

கொட்டகலைக் கடைவீதியில் ஆண்டியப்பன் என்று கேட்டால் எந்த ஆண்டியப்பன் என்பார்கள். கதிரை ஆண்டியப்பன் என்று கேட்டால் பஸ் கண்டக்டரே சரியான இடத்தில் இறக்கிவிடுவார். ஆட்கள் உட்காருகிற கதிரை, கூடாரம், அண்டா, தேநீர் ஊற்றும் பெரிய கேத்தல் எல்லாம் வாடகைக்கு விடுகிற மனிதர். முன்னால் கடை, பின்னால் வீடு. நான் அவருக்குப் பக்கத்துக் கடை. குடை திருத்துகிறேன். கொட்டகலையில் பெய்கிற மழைக்குக் குடை திருத்துகிறவனுக்கு விளம்பரம் தேவையில்லை. அதனால் விளம்பரத்தைப் பற்றி எனக்கு நிறைய அபிப்பிராயங்கள் உண்டு.

ஆண்டியப்பன் பிறந்தது பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அதை விட்டபோது கையில் கிடைத்த காசைக் கதிரையாக்கினார். சிவப்புக் கதிரை கல்யாணத்துக்கும் சடங்குக்கும். நீலக் கதிரை சாவு வீட்டுக்கு. இரண்டையும் ஒரே அறையில்கூட அடுக்கமாட்டார். சாவு வீட்டுக் கதிரையில் மாப்பிள்ளையை உட்கார வைத்துவிட்டான் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான். கல்யாணத்துக்குச் சொல்லிவைத்தால் கதிரை லொறியில் போகும். சாவுக்குச் சொல்லியனுப்பினால் லொறிக்குக் காத்திராமல் அவரே தலையில் சுமந்துகொண்டு போய்விடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "பொணம் காத்திருக்கும், வந்தவங்க எம்புட்டு நேரம் நிப்பாங்க?" என்றார். அதற்கு மேல் அவரிடம் விளக்கம் கிடைக்காது.

பிறகு காலம் கெட்டது. ஒவ்வொரு தோட்டத்திலும் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஏதாவது ஒரு சங்கத்துக்குச் சொந்தக் கதிரை வந்து இறங்கியது. ஜெயித்தவரும் கொடுத்தார், தோற்றவரும் கொடுத்தார். ஆண்டியப்பன் யாருக்கு வாக்குப் போட்டாலும் தோற்றார். கல்யாணங்கள் ஹட்டன் பக்கத்து மண்டபங்களுக்குப் போய்விட்டன. சிவப்புக் கதிரைகள் வெளுக்காமல் புதிதாகவே இருந்தன. வெயிலைக் கண்டால்தானே வெளுக்கும்?

அவருக்கு ஒரே மகன், தர்ஷன். கொழும்பில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகள் பெற்றோரை நிம்மதியாக இருக்க விடமாட்டார்கள். வருகிற ஆனியில் தன் கல்யாணத்தைக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில், அவன் சொல்லில் ஹோலில், வைப்பதென்றும், கல்யாணம் முடிந்ததும் அப்பாவும் அம்மாவும் கடையை மூடிவிட்டுத் தன் வீட்டோடு வந்துவிட வேண்டும் என்றும் அவன் முடிவு செய்தான். "கொட்டகலயில வச்சா யாருப்பா வருவா? எல்லாரும் கொழும்புலதானே இருக்காங்க" என்றான். ஹோலின் படத்தைப் போனில் காட்டினான். கதிரைகளுக்கு வெள்ளைத் துணி போர்த்து, முதுகில் பெரிய முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஆண்டியப்பன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"துணிக்குள்ள என்ன கதிரன்னு தெரியலயே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி லெட்சுமி என்னிடம் சொன்னாள். ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் கதிரை போட்டவர், சொந்த மகன் கல்யாணத்தில் எவனோ போட்ட கதிரையில் விருந்தாளி மாதிரி உட்கார வேண்டும். ஆனால் மகனிடம் அவர் அதைச் சொல்லவில்லை, என்னையும் சொல்லவிடவில்லை. கதிரைகளை மொத்தமாக வாங்கிக்கொள்ள ஹட்டனில் இதே தொழில் செய்யும் அழகன் தயாராக இருந்தான். ஆண்டியப்பன் அவனிடம் சித்திரை முடியும்வரை தவணை கேட்டார். அதற்குள் ஒரே ஒரு கல்யாண ஓடர் வந்தாலும் கடை இருக்கும். வராவிட்டால் கதிரை ஹட்டனுக்கு, அவர் கொழும்புக்கு.

இந்த நிலையில்தான் ஹட்டனில் ஒரு இலவசக் கருத்தரங்கு வந்தது. 'சிறு வியாபாரிகளுக்குக் குறைந்த செலவில் இணைய விளம்பரம்' என்று பெயர். செலவே இல்லை என்று போட்டால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதற்காகக் குறைந்த செலவு என்று போட்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுப் பார்சல் உண்டு என்பதால் நானும் போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து சுகிர்தன் என்று ஒரு இளைஞர் வந்து பேசினார். கெட்டிக்காரர். திரையில் அம்புக்குறி போட்டுப் போட்டுக் காட்டினார்.

"சனம் கடையிட்ட சாமான் வாங்கிறேல்ல, ஐயா. ஆளிட்டத்தான் வாங்குது" என்றார். "நீங்கள் ஆர், எந்த ஊர், ஆற்ற பிள்ளை எண்டு முதல்ல சொல்லுங்கோ. உங்கட முகத்தைப் போடுங்கோ. சாமானைப் பற்றிப் பிறகு சொல்லலாம்."

ஆண்டியப்பன் தலையாட்டினார். இன்னொன்றும் சொன்னார் சுகிர்தன். "வாடிக்கையாளர் நாலு பேரிட்ட உங்களைப் பற்றி நாலு வரி எழுதி வாங்குங்கோ. காசு குடுத்தாலும் கிடைக்காத விளம்பரம் அது."

மறுநாளே ஆண்டியப்பன் நாலு வரி தேடிக் கிளம்பினார். கதிரை வாடகைக்கு எடுத்தவர்கள் வீடு வீடாகப் போனார். எல்லா வீட்டிலும் தேநீர் கிடைத்தது, வரி கிடைக்கவில்லை. "என்னத்தண்ணே எழுதுறது? கதிர நல்லாத்தான் இருந்துச்சு, உக்காந்தோம்" என்றார்கள். உயிரோடு இருக்கிறவனைப் புகழ்ந்தால் கண்ணு பட்டுவிடும் என்று ஒருவர் காரணம் சொன்னார். எனக்கென்னவோ, புகழ்ந்தால் அடுத்த தடவை வாடகையைக் கூட்டிவிடுவார் என்ற பயமாகத்தான் தெரிந்தது.

சரி, வரி இல்லாவிட்டால் போகட்டும், முகமும் பிறப்பும் நம் கையில்தானே இருக்கிறது என்று விளம்பரத்தை அவரே எழுதினார். ஒரு மனிதன் யார், எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று ஒரே மூச்சில் சொல்கிற எழுத்து எங்கள் நாட்டில் ஒரு வகைதான் உண்டு. அதை அவர் சிறு வயதிலிருந்தே வானொலியில் கேட்டிருக்கிறார், பேப்பரில் படித்திருக்கிறார். வேறு வகை அவருக்குத் தெரியாது. இப்படி எழுதினார்:

'கொட்டகலையைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட, காலஞ்சென்ற வீரய்யா – பாப்பாத்தி தம்பதியரின் அன்புப் புதல்வரும், லெட்சுமியின் அன்புக் கணவரும், தர்ஷனின் பாசமிகு தந்தையுமாகிய ஆண்டியப்பன் அவர்கள், கல்யாணம் முதலிய சகல வைபவங்களுக்கும் கதிரை, கூடாரம், அண்டா என்பவற்றை நியாயமான வாடகைக்கு வழங்கி வருகின்றார் என்பதை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் அறியத் தருகின்றோம்.'

என்னிடம் காட்டினார். படித்தபோது எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. நெஞ்சை லேசாக அடைத்தது, அவ்வளவுதான்.

அதை எடுத்துக்கொண்டு துஷாந்தின் கொமியூனிகேஷன் கடைக்குப் போனார். துஷாந்த் போட்டோக் கொப்பி எடுப்பான், போனுக்குக் காசு போடுவான், பேஸ்புக்கில் போட அறிவித்தல் செய்து தருவான். செய்து தருபவற்றில் பத்துக்கு ஒன்பது மரண அறிவித்தல். கொடுத்ததை எழுத்துப் பிழையில்லாமல் அடிப்பான். அர்த்தம் பார்ப்பது அவன் வேலையில்லை.

"படம் எதுண்ணே?" என்றான்.

ஆண்டியப்பன் அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைக் கொடுத்தார். சிரிக்க வேண்டாம் என்று சொல்லி எடுத்த படம். சொன்னபடியே சிரிக்காமல் இருந்தார்.

"கலர்ல போடவா?"

"கறுப்பு வெள்ள போதும் தம்பி. எதுக்கு வீண் செலவு?"

பேஸ்புக்கில் கலருக்கும் கறுப்பு வெள்ளைக்கும் ஒரே செலவுதான். அது துஷாந்துக்குத் தெரியும். ஆனால் வாடிக்கையாளர் விருப்பத்துக்குக் குறுக்கே பேசக்கூடாது என்பது அவன் கொள்கை. படத்தை முட்டை வடிவத்தில் வெட்டி, சுற்றிலும் மல்லிகைப் பூ வைத்து, இரண்டு பக்கமும் விளக்கு வைத்தான். கை அதுவாகவே போயிருக்க வேண்டும். சுகிர்தன் சொல்லிக்கொடுத்தபடி, ஹட்டனைச் சுற்றியிருக்கிற எல்லோருடைய போனுக்கும் போய்ச் சேரும் விதமாகக் கொஞ்சம் காசு கட்டி ஒரு வெள்ளிக்கிழமை மாலை பேஸ்புக்கில் ஏற்றினார்கள்.

எங்கள் ஆட்களின் முகம் பெரிதாக வெளியே வருவது இரண்டு காரணத்துக்குத்தான். ஒன்று தேர்தல், மற்றது சாவு. தேர்தல் முடிந்து நாளாகிவிட்டது. போதாக்குறைக்கு, போனில் முதல் சில வரிகள்தான் தெரியும். மிச்சத்தைப் படிக்க 'மேலும் பார்க்க' என்பதைத் தொட வேண்டும். பூவுக்கு நடுவில் முகமும், கீழே மரண அறிவித்தலில் வருகிற மாதிரியே பிறப்பிடமும் வசிப்பிடமும் தெரிந்த பிறகு யார் தொடுகிறார்கள்? ஆள் யார் என்று தெரிந்தால் போதாதா? தொடாமலே தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் முதல் போன் உடப்புசல்லாவையிலிருந்து வந்தது. ஆண்டியப்பனின் மச்சான் முறை.

"லெட்சுமி இருக்கா? போன குடுங்க. யாரு பேசுறது?"

"நான்தான், ஆண்டியப்பன்."

"நீங்க எப்புடிப் பேசுறீங்க?"

"போன்லதான்" என்றார் ஆண்டியப்பன்.

அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. சற்று நேரத்தில் சார்ஜ் தீர்ந்து அதுவும் அணைந்தது. அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் இல்லை. கடைவீதியில் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். அவர் பிறந்த தோட்டத்து மரண உதவிச் சங்கத்தார் வரும் வழியிலேயே சாவுக்குக் கட்டும் வெள்ளைக் கொடியைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். வேலையில் சுத்தமான ஆட்கள். எதிரிலுள்ள சிங்கள முதலாளி மரியாதைக்காகத் தன் மரக்கறிக் கடையின் ஒரு கதவைச் சாத்தினார். ஒரு கதவு வியாபாரத்துக்குத் திறந்திருந்தது.

ஹட்டனிலிருந்து அழகனின் லொறி வந்து நின்றது. நீலக் கதிரை. ஒரு கதிரைக்காரர் வீட்டுச் சாவுக்கு இன்னொரு கதிரைக்காரர்தான் கதிரை போட வேண்டும், அதற்கு வாடகை கிடையாது என்பது அந்தத் தொழிலில் ஒரு முறை. செத்தவர் வீட்டில் அவருடைய கதிரையையே இறக்கிப் போட யாருக்குக் கை வரும்? அழகன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு லொறி முழுவதையும் இறக்கிவிட்டான். அப்புறம்தான் வாசலில் நிற்பவரைக் கண்டான்.

"அண்ணே… ஒங்க வீட்டுல யாருண்ணே?"

"நான்தானாம்" என்றார் ஆண்டியப்பன். பிறகு குனிந்து ஒரு கதிரையைத் திருப்பிப் பார்த்தார். "இதுல கால் வெடிச்சிருக்கு அழகன். யாரயும் ஒக்கார வச்சிறாத."

வந்தவர்கள் உடனே திரும்பிப் போகவும் முடியாமல், அழவும் முடியாமல் அழகனின் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். லெட்சுமி விறகு அடுப்பு மூட்டித் தேநீர் கொடுத்தாள். சிலருக்குக் கோபம். "அரப் பேரு போச்சே!" என்றாள் கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து வேலையைப் பாதியில் விட்டு வந்த ஒரு பெண். அவளுக்கு அரை நாள் சம்பளம் போய்விட்டது. ஆள் சாகாவிட்டாலும் ஒரு காய்ச்சலாவது இருக்கக்கூடாதா என்பதுதான் அவள் பார்வை. நியாயம்தான்.

இந்த நேரத்தில் தர்ஷன் எனக்குப் போன் பண்ணினான். குரல் சரியில்லை. "மாமா, வீட்டுக்கு ஆளுங்க வந்துட்டாங்களா?" என்றான்.

"வந்துட்டாங்கப்பா. வெள்ளக் கொடி கட்டியாச்சு. அழகன் கதிர எறக்கிட்டான்" என்றேன்.

லைன் அறுந்துவிட்டது. அவன் கேட்டதற்கு நான் பதில் சொன்னேன். அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டிருந்தால் அதற்கும் சொல்லியிருப்பேன்.

துஷாந்த் தன் போனைக் கொண்டுவந்து காட்டினான். விளம்பரத்துக்குக் கீழே ஆட்கள் எழுதித் தள்ளியிருந்தார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தேன்.

'எங்க அம்மா எறந்த அன்னைக்கு அட மழ. ரோட்டுலருந்து லயத்துக்கு எறங்குற படி பூரா பாசி. அண்ணன் தலயில கதிர சொமந்து எறங்கி வந்தாரு. எங்க சொந்தக்காரங்க வர்றதுக்கு முன்னாடி வந்தது அவருதான்.'

'அப்பா கருமாதிக்கு அண்டா கேக்க எங்களுக்கு வாய் வரல. கேக்காமயே அனுப்புனாரு.'

'தங்கச்சி கல்யாணத்துல கரண்ட் போனப்ப, சாப்புட்டு முடியுற வரைக்கும் லைட்டப் புடிச்சுக்கிட்டு நின்ன மனுசன்.'

'அவரு கதிர ஒன்னு எங்க வீட்டுல இருக்கு. ஞாபகமா வச்சுக்கிறோம்.'

"அதான் ஒன்னு கொறஞ்சிச்சு" என்றார் ஆண்டியப்பன். நாலு வரிக்கு வீடு வீடாக ஏறி இறங்கியவருக்கு நாற்பது வீட்டு வரி வந்து கிடந்தது. என்னைப் பற்றி இப்படி யாராவது எழுதுவார்களா என்று நினைத்துக்கொண்டேன். எழுதினாலும் படிக்க நான் இருக்கமாட்டேன்.

லெட்சுமிதான் உலகத்துக்கு வந்தாள். "மொதல்ல உசுரோட இருக்காருன்னு போடு தம்பி. அபசகுனமா இருக்கு" என்றாள். துஷாந்த் அந்த இடத்திலேயே அடித்து ஏற்றினான்: 'ஆண்டியப்பன் அவர்கள் உயிருடன் உள்ளார். கதிரைகளும் உள்ளன.'

கொஞ்ச நேரத்தில் ஒரு காரியம் நடந்தது. எழுதியவர்கள் எழுதியதை அழிக்கத் தொடங்கினார்கள். உயிரோடு இருக்கிற மனிதனுக்கு அனுதாபம் சொல்லிவிட்டோமே, அது அவருக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது என்று பயந்துவிட்டார்கள். பாசி பிடித்த படி போனது. அண்டா போனது. லைட் போனது. துஷாந்தின் போனில் ஒவ்வொன்றாக மறைவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். சாயங்காலம் ஆவதற்குள் முட்டை வடிவப் படமும், யாரோ போட்ட ஒரு சிரிப்பு முகமும்தான் மிஞ்சின.

"ஊரே செத்துட்டாருன்னு அழுத ஆளுகிட்ட இனி யாரு கல்யாணத்துக்குக் கதிர கேப்பா?" என்றாள் லெட்சுமி. யாரையும் குற்றம் சொல்கிற குரலில் அல்ல.

ஆண்டியப்பன் அழகனிடம் போனார். "சித்திர முடியுற வரைக்கும் எதுக்கு அழகன்? லொறி வெறுமனதான நிக்குது. செவப்புக் கதிரய இப்பவே ஏத்திக்க."

"இன்னக்கி வேணாம்ண்ணே."

"இன்னக்கின்னாதான் எனக்கு மனசு வரும்."

அவரே உள்ளே போய், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிவப்புக் கதிரைகளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அழகன் வாங்கி ஏற்றினான். எனக்கு அழகன்மேல் ஆத்திரம் வந்தது. அவன் ஒரு தப்பும் செய்யவில்லை, இருந்தாலும் வந்தது.

அப்போதுதான் கொழும்பு பஸ்ஸிலிருந்து ஹட்டனில் இறங்கி, த்ரீவீலில் வந்து சேர்ந்தான் தர்ஷன். வெள்ளைச் சட்டை, வீங்கிய கண். அவனுடைய போன் கொழும்பைத் தாண்டியதுமே உயிரை விட்டுவிட்டதால் அப்பாவுக்கு உயிர் வந்த செய்தி அவனுக்குத் தெரியாது. வெள்ளைக் கொடியைக் கண்டான். நீலக் கதிரையில் உட்கார்ந்திருந்தவர்களைக் கண்டான். பிறகு, கதிரையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்த அப்பாவைக் கண்டான்.

"வாடா" என்றார் ஆண்டியப்பன். "லீவு போட்டியா?"

தர்ஷன் பக்கத்திலிருந்த நீலக் கதிரையில் உட்கார்ந்துவிட்டான். லெட்சுமி ஓடிப்போய் அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். கொடுத்த தேநீரைக் குடித்து முடித்தான். கொழும்பிலிருந்து புறப்பட்ட நேரம் முதல் போன் அணையும்வரை அந்த வரிகளைத்தான் படித்துக்கொண்டு வந்திருக்கிறான். அவை அழிவதற்கு முன்னால் ஒன்றுவிடாமல் படித்தவன் அவன் ஒருவன்தான்.

அவன் எழுந்து லொறியிடம் போனான்.

"அழகண்ணே, செவப்புக் கதிரய எறக்குங்க."

"ஏன்டா?" என்றார் ஆண்டியப்பன்.

"ஓடர் இருக்குப்பா."

"யாரு வீட்டுக்கு?"

"நம்ம வீட்டுக்குத்தான். ஆனியில."

ஆண்டியப்பன் கையிலிருந்த கதிரையைக் கீழே வைக்காமலே நின்றார். "ஹோல் பேசியாச்சேடா."

"அந்த ஹோல்ல நம்மள யாருக்குப்பா தெரியும்?" தர்ஷன் வாசலைக் கையால் காட்டினான். உட்கார்ந்திருந்தவர்கள் தேநீர்க் கோப்பையோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரைப் பேர் போன பெண்ணும் இருந்தாள். "செத்ததுக்கே இத்தன பேரு வந்தா, கல்யாணத்துக்கு வராமயா போயிருவாங்க?"

"பொண்ணு வீட்டுல என்ன சொல்லுவாங்களோ."

"நான் பேசிக்கிறேன்."

"ஆனியில மழ விடாதுடா" என்றார் ஆண்டியப்பன். தொழிலில் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "கூடாரம் ஒழுகும். காத்து தூக்கும். ஆளுங்க நனைவாங்க."

"அதுக்கு நீங்கதான் இருக்கீங்களேப்பா" என்றான் தர்ஷன்.

காலையிலிருந்து அந்த வாசலில் நிறையப் பேர் அழுதிருந்தார்கள். செத்துப் போனவர் அழுதது அப்போதுதான்.